வெள்ளவத்தைச் சேற்றில் வடக்கும் தெற்கும்

அப்பன்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், "அம்மா, நான் அங்கயே வந்திடட்டோ?" என்று. "பொறு, குக்கர் விசிலடிக்குது, பிறகு கதைப்பம்" என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் சமைத்த சோறும் பருப்பும் மூடியபடி இருந்தன. நான் பல்கனிக் கதிரையில் இருந்துகொண்டு, கடலோரமாகப் போன ரயிலையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று உனக்கு அப்போதே விளங்கியிருக்கும். எங்கள் குக்கர் விசிலடித்தால் கீழ்வீட்டுக்காரருக்கே கேட்கும், உனக்குக் கேட்காதா?

அதனால்தான் எழுதுகிறேன். போனில் எனக்கு உண்மை வராது. எனக்கு மட்டுமில்லை, இந்த மாடிக் கட்டடத்தில் ஒருவருக்கும் வராது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் நோர்வேயிலும். ஞாயிறு பின்னேரம் எல்லாப் பல்கனியிலும் ஒரே வசனம் கேட்கும்: "நாங்கள் நல்ல சுகம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ." லிப்ட் பழுதாகி இரண்டு கிழமையாகக் கீழே இறங்காத மேல்வீட்டு அக்காவும் அதைத்தான் சொல்கிறா. முழங்காலுக்கு ஐஸ் வைத்தபடி சொல்கிறா. ஆகவே இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டினாலும் காட்டுவேன்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் நீ ஆராய்ச்சி செய்கிற இடத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள். மாத முடிவுக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். அதே நேரம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கும் உன்னைக் கூப்பிடுகிறார்கள். நாடே பாஸ்போட் எடுக்க வரிசையில் நிற்கிற காலத்தில் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வரப் பார்க்கிறாய். கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா நேற்று மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே கேட்டார், "என்ன தங்கச்சி, ஊரே பிளேன் ஏறுது, ஒங்கட மகன் எறங்கி வாறாராமே? நல்லாத்தானே இருந்தாரு?" என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாய்ச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் வருகிறதா வேண்டாமா என்பதை நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் சொல்கிறபடி செய்வாய் என்று உன் குரலில் தெரிந்தது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

காந்தம், பக்டீரியா என்று நீ எப்படி இந்தச் சேற்று ஆராய்ச்சியில் போய் விழுந்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். குற்றவாளி நான்தான் போலிருக்கிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிது, உனக்கு ஏழெட்டு வயது. உன் அறையில் கட்டிலை வடக்குத் தெற்காகத்தான் போட முடியும். நான் தலையணையைத் தெற்குப் பக்கம் வைப்பேன். நீ மின்விசிறிக் காற்றுக்காகத் தலையை வடக்கே மாற்றிப் படுத்துவிடுவாய். "வடக்க தலை வைக்காதை எண்டு எத்தனை தரம் சொல்லுறது?" என்று நான் கத்த, "வைச்சா என்னம்மா?" என்று நீ கேட்டாய். பள்ளிக்கூட வான் வருகிற நேரம். யமனை எல்லாம் இழுத்துப் பிள்ளையைப் பயமுறுத்த மனமில்லை. எங்கேயோ வாசித்ததை வைத்து, "வடக்கில காந்தம் இருக்கு, மூளையை இழுக்கும்" என்று சொல்லி உன் தலையை வாரிவிட்டேன். பின்னேரம் நான் தையல் மெஷினில் இருக்கிறேன், நீ வந்து பக்கத்தில் நிற்கிறாய். குண்டூசி பொறுக்க நான் வைத்திருந்த பெரிய வட்டக் காந்தம், அப்பா தன் ரேடியோக் கடையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது, அது உன் தலையில் தொப்பி மாதிரி இருக்கிறது. "இழுக்கேல்லையே அம்மா" என்றாய். அவ்வளவு ஏமாற்றம் உன் முகத்தில். மூளை இழுபடும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து ஆசையோடு வந்திருக்கிறாய் போல.

அதற்குப் பிறகு அந்தக் காந்தம் என் கைக்குத் திரும்பி வரவேயில்லை. பின்னேரங்களில் அப்பா உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். தண்டவாளத்தைத் தாண்டி இறங்கினால் மணலில் கறுப்புக் கோடுகள் ஓடும். காந்தத்தைப் பிடித்தால் அந்தக் கறுப்பு மணல் எழும்பி முள்ளு முள்ளாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கடதாசியில் சுரண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து என் ஊசிப் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வைத்தாய். ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைப் பிளவுஸ் அதனால் பாழாகி, நான் புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அப்பா உன்னை ஏசவில்லை. "விடும், பெடியன் இரும்பு யாவாரம் தொடங்கியிருக்கிறான்" என்று என்னைத்தான் பகிடி பண்ணினார்.

போன வருடம் அவர் காலமானபோது நீ அடுத்த பிளேனில் வந்தாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, முழுதாய் ஒரு மாதம் நின்றாய். நீ ஒருவருடனும் கதைக்கவில்லை. டீவியைப் போடாமலே அதற்கு முன்னால் இருந்தாய். தேத்தண்ணீர் வைத்தால் குடிப்பாய், வைக்காவிட்டால் கேட்க மாட்டாய். உடைந்துபோய் இருக்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், நான் வருகிற சனங்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் காலை நீ ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே போனாய். காலி வீதிப் பாலத்துக்குப் பக்கத்தில் கால்வாய்க்குள் இறங்கிச் சேறு அள்ளி வந்திருக்கிறாய். வாசலில் செக்கியூரிட்டிக்காரர், "மொகத மஹத்தயா ஒய மட?" என்று கேட்க, சேறு எதற்கு என்று அவருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்த முடியாமல் நீ நின்ற நிலையை நான் மேலிருந்து பார்த்தேன். காலெல்லாம் நாற்றம். போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறு, மேலே கலங்கல் தண்ணீர். சில நாட்கள் ஆடாமல் அசையாமல் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஹோலில் இருக்கிற ஷோகேஸின் மேல்தட்டில் வைத்தாய். அந்தத் தட்டுக்கு நேர் மேலேதான் அப்பாவின் மாலை போட்ட படம். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

கொட்டாஞ்சேனை மாமிக்குத் தோன்றிவிட்டது. அப்பாவின் ஒரே தங்கச்சி அவ. சாம்பல் கரைத்த அன்று காய்ச்சலில் கிடந்ததால் கடலுக்கு வரவில்லை. அந்தியேட்டிக்கு முதல்நாள் வந்தவ, ஷோகேஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டா. ஒரு பிடிச் சாம்பலை நீ ஜெர்மனிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைத்திருக்கிறா. படத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி மூடிக்கு மேலே வைத்து, விபூதி பூசி, "அண்ணை, இந்தச் சின்னப் போத்தலுக்குள்ளயோ இருக்கிறீங்கள்" என்று கும்பிட்டு அழத் தொடங்கினா. ஹோலில் இருந்த எல்லாரும் எழும்பிவிட்டார்கள். யாரோ கற்பூரம் தேடினார்கள். நான் உன்னைப் பார்க்கிறேன், நீ என்னைப் பார்க்கிறாய்.

"மாமி," என்றாய் மெதுவாக, "அது வெள்ளவத்தைக் கால்வாய்ச் சேறு."

"சேறோ? அண்ணை எண்டு கும்பிட்டிட்டனேயடா!"

"ஓம் மாமி. அதுக்குள்ள பக்டீரியா இருக்கு."

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு போத்தலைக் கிட்டப்போய்ப் பார்த்தா. "உயிருள்ள சாமானோ? அப்ப பரவாயில்லை, பூ இருக்கட்டும்" என்றா. முதலில் சிரித்தது நீதான். பிறகு நான், பிறகு மாமி. சிரித்துச் சிரித்து மறுபடியும் அழுதோம். ஐயர் சாமான் பட்டியலோடு வந்து வாசலில் நின்று, இது செத்தவீடுதானா என்று யோசித்திருப்பார்.

அன்று பின்னேரமே நீ உன் பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் நுணுக்குக்காட்டி இரவல் வாங்கி வந்தாய். போத்தலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னாய். எனக்கு முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம், அதற்குள் தூசி மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் எங்கேயோ போக வேண்டும் என்று அறிந்து போகின்றன. சில இந்தக் கரைக்கு, சில அந்தக் கரைக்கு. நீ காந்தத்தை மறுபக்கமாகப் புரட்டினாய். அத்தனையும் வளைந்து, வந்த வழியே திரும்பி நீந்தின.

நீ கதைக்கத் தொடங்கினாய். ஒரு மாதமாகக் கேட்காத குரல். தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பை இந்தச் சிறு உயிர்கள் உறிஞ்சி எடுத்து, உடம்புக்குள்ளேயே சின்னச் சின்னப் பைகள் கட்டி, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு காந்தக்கல்லை வளர்க்கின்றன என்றாய். அந்தக் கற்களைக் கோத்த மணி போல வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த வரிசை முழுவதும் ஒரு திசைகாட்டி முள். சூளை இல்லை, சுத்தியல் இல்லை, கால்வாயின் அடியில் யாரும் பார்க்காமல் இந்த வேலை நடக்கிறது. அவற்றுக்கு ஒட்சிசன் கூடினாலும் ஆகாது, அடியோடு இல்லாவிட்டாலும் ஆகாது. அளவான இடம் சேற்றை அண்டித்தான் இருக்கும். ஜெர்மனியில் பூமியின் காந்தக் கோடு நிலத்துக்குள் சரிந்து இறங்குகிறது, அதனால் வடக்கே நீந்தினால் தானாகவே கீழே சேற்றுக்குப் போய்விடலாம், அங்கே கிட்டத்தட்ட எல்லாம் வடக்கே போகிறவைதான் என்றாய். "ஆனா இஞ்ச அந்தக் கோடு பாய் விரிச்ச மாதிரிப் படுத்துக் கிடக்கம்மா. காந்த மத்தியகோடு எங்களுக்குக் கிட்டத்தான் போகுது. வடக்கே போனாலும் கீழ இல்லை, தெற்கே போனாலும் கீழ இல்லை. அதாலதான் ரெண்டு சாதியும் ஒரே சேத்தில இருக்குது. பாருங்கோ, ரெண்டும்!"

"வடக்கெண்டா யாழ்ப்பாணப் பக்கமோ?" என்று மாமி பின்னாலிருந்து கேட்டா. "எங்கட ஆக்களோ அதுகள்?"

நீ மாமியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாய். உன் முகத்தில் அன்று இருந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அது ஏழு வயதில் கடற்கரையிலிருந்து வந்த முகம். ஜெர்மனியிலிருந்து நீ அனுப்புகிற படங்களில் நல்ல உடுப்பு இருக்கிறது, பனி இருக்கிறது, அந்த முகத்தை மட்டும் நான் காணவில்லை. இது எனக்குச் சாதகமாக நானே சொல்கிற கதையாகவும் இருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழைய படங்களைத் திரும்பவும் பார்த்தேன். இல்லைத்தான்.

நீ போன பிறகு சில மாதங்கள் கழித்து ஒருநாள் மத்தியானம் போன் எடுத்தாய். ஆய்வுகூடத்தில் ஏதோ நல்ல முடிவு வந்திருந்தது போல, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சோறு சாப்பிட்டு அரை நித்திரையில், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நீ சொன்னாய்: "அம்மா, செத்த பிறகும் திரும்புமம்மா."

எனக்கு அதற்குப் பிறகு நீ சொன்ன ஒன்றும் கேட்கவில்லை. நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். சாளரச் சீலை காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. கடல் வெயிலில் வெள்ளையாக இருந்தது. திரும்பும். செத்த பிறகும் திரும்பும். உன் வாயால், படித்த பிள்ளையின் வாயால் அதைக் கேட்டபிறகு, நடக்கக்கூடிய காரியமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காந்தக் கோடு சுவருக்குள்ளாலும் மனிதருக்குள்ளாலும் தடையில்லாமல் போகும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அது என் மெஷினுக்குள்ளால், ஷோகேஸுக்குள்ளால், அப்பாவின் கதிரைக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. வீடு முழுவதும் தண்ணீர் நிரம்பி, நான் அதன் அடியில் பாரமில்லாமல் கிடப்பதாக இருந்தது. கீழே வீதியில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. அப்பா வழக்கம்போல லிப்டை நம்பாமல் மரக்கறிப் பையோடு படியேறி, மூன்றாம் மாடியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கி, செருப்பைக் கழற்றுவார். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். நான் எழும்பிப்போய்க் கதவைத் திறந்தே விட்டேன். விளக்கு வைக்கிற நேரம் வரை அது திறந்தபடியே கிடந்தது. மேல்வீட்டு அக்காவின் வேலைக்காரப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அன்டி, யாரும் வாறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

அடுத்த ஞாயிறு, நான் கேட்டதற்கு நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். பக்டீரியா செத்தாலும் அதற்குள் காந்தக்கல் வரிசை அப்படியே இருக்கும். காந்தத்தைக் காட்டினால் முள்ளைப்போலச் சும்மா அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். ஆனால் நீந்தாது, ஓர் அடியும் நகராது. நீந்துவதற்கு உயிர் வேண்டும் என்றாய். "ஏனம்மா கேக்கிறீங்கள்?" என்றாய். "சும்மாதான்" என்றேன். எங்கள் பாஷையில் திரும்பும் என்கிற ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது, அதில் நான் தடுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? இப்போது சொல்லிவிட்டேன். சிரிக்காதே.

நீ சொன்ன இன்னொன்றையும் அடிக்கடி நினைப்பேன். அந்த உயிர் இரண்டாகப் பிரிகிறபோது கல் வரிசையை நடுவால் முறித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுக்கும். காந்தத்தைக் காந்தத்திலிருந்து பிரிப்பது லேசில்லை, ஆனாலும் பிரிக்கும். பிள்ளைகள் இரண்டும் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தாங்களே செய்துகொள்ளும். "அப்ப தாய்?" என்று நான் கேட்டேன். "தாய் எண்டு தனியா ஒண்டு மிஞ்சாதம்மா" என்றாய். அது நல்ல ஏற்பாடுதான். தாய்மாருக்கு அதில் சோலி இல்லை. ஆனால் நான் மிஞ்சியிருக்கிறேன், அப்பன். பல்கனியில் இருக்கிறேன், பிரஷர் குளிசை போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்காகத் திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்த பிறகு யாழ்ப்பாணப் பாதை மூடிவிட்டது. சண்டைக்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதாவது வருகிற ஆட்களிடம் அம்மா சொல்லி விடுவா. வந்தவர்கள் ஒரே செய்தியைத்தான் கொண்டுவருவார்கள்: "அம்மா சுகமாம். உம்மை ஒருக்காலும் வரவேண்டாமாம்." அவ சொன்னது சரி. வந்திருந்தால் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எங்கே அகப்பட்டிருப்பேனோ. ஆனால் அவ போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு ஒன்று தெரியாது. என்னைப் பார்க்க அவ ஆசைப்பட்டாவா? அதைச் சொன்னால் நான் ஓடி வந்துவிடுவேன் என்று பயந்து சொல்லாமல் விட்டாவா, இல்லை, உண்மையிலேயே நான் இல்லாமல் சமாளித்துப் பழகிவிட்டாவா? கேட்க ஆளில்லை. கோபமும் வருகிறது, இந்த வயதில், செத்துப்போன அம்மாவோடு.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே வந்தால் என்னென்ன நடக்கும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் போகும். மருந்துச் சாமான் கப்பலில் கிடக்கும். ஒரு கையெழுத்துக்கு நாலு தரம் அலைவாய், உன் சிங்களம் துருப்பிடித்துவிட்டது, அதைத் தேய்த்தெடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவாய். அன்று என்னைப் பார்த்து "உங்களுக்காகத்தானே வந்தனான்" என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைத் தாங்குகிற வயது எனக்கு இல்லை. அதே மாதிரி அங்கே நிற்பதென்றாலும் அம்மாவின் நன்மைக்காக உழைக்கிறேன் என்று சொல்லாதே. உன் வேலை உனக்குப் பிடித்திருக்க வேண்டும், இங்கேயோ அங்கேயோ. சேறு எங்கேயும் இருக்கிறது. இரண்டு சாதியும் கலந்த சேறு இங்கே இருக்கிறது என்று நீ சொல்கிறாய், அது உனக்கும் பக்டீரியாவுக்கும் உள்ள விஷயம், அதை நீயே தீர்மானி.

எனக்கும் உனக்கும் உள்ள விஷயத்தில் நான் என் பங்கைச் சொல்கிறேன். எனக்கு நீ வேண்டும். வீட்டில் உன் செருப்பு கிடக்க வேண்டும், குளியலறையில் லைட்டை அணைக்காமல் விட்டு ஏச்சு வாங்க வேண்டும், ஹோலில் உன் நாறல் போத்தல்கள் நிறைய வேண்டும். நான் சுகமில்லை. நோய் ஒன்றும் இல்லை, ஆனாலும் சுகமில்லை. தனியாக இருக்கிறேன்.

இதை வாசித்துவிட்டு நீ அங்கே கையெழுத்துப் போட்டாலும் போடு. இரண்டு நாள் அழுவேன், மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் மீன் வாங்குவேன். ஆனால் நாளைக்கு நான் இல்லாத ஒரு காலத்தில், அம்மா என்னைக் கூப்பிட்டாவா இல்லையா என்று நீ ஒருவரையும் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. கூப்பிட்டேன். வா, ராசா.

அம்மா